ராணி முன் சிப்பாய், இரண்டு கட்டம்

பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி நீங்கள் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. சிரிக்கும்படி எழுது, நம் வயதில் சர்க்கரையும் முழங்கால் வலியும்தான் பேச்சாக இருக்கிறது, மலரிலாவது வேறு ஏதாவது படிக்கிறோம் என்றீர்கள். பள்ளிக்கூடத்தில் நமக்குப் போட்ட கோதுமை உப்புமாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். அதை அனுப்ப மனம் வரவில்லை. பதிலுக்கு இதை அனுப்புகிறேன். அச்சிடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

போன மாதம் பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெண்களுக்கான செஸ் போட்டி நடந்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் என்று மேடையில் உட்கார என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை வாங்கிக்கொண்டு, கீழே இறங்கி மேசைகளுக்கு நடுவே நடந்தேன். மின்விசிறிகளின் சத்தமும் கடிகாரங்களைத் தட்டும் சத்தமும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. மூன்றாவது மேசையில் ஒல்லியான ஒரு பெண் வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்திருந்தாள். ராஜா முன் சிப்பாயை இரண்டு கட்டம் வைத்தாள். எதிரில் இருந்தவளும் அப்படியே வைத்தாள். இவள் அதற்குப் பக்கத்துச் சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளி, வேண்டுமானால் வெட்டிக்கொள் என்பதுபோல் நீட்டினாள். எதிரில் இருந்தவள் வெட்டவில்லை. தன் ராணி முன் சிப்பாயை எடுத்து இரண்டு கட்டம் முன்னால் வைத்துவிட்டுக் கடிகாரத்தைத் தட்டினாள்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. வெளியே செருப்புகள் கிடந்த இடத்தில் வந்து உட்கார்ந்தேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "வெயிலு சார்" என்றார்கள். ஆமாம் என்றேன்.

அதே நான்கு நகர்த்தல்களை எனக்குப் பதினொரு வயதில் அரியலூரில் பார்த்திருக்கிறேன். அந்த நான்காவது நகர்த்தலைச் சொல்லிக் கொடுத்தவன் நான். அதில் தோற்றவள் என் அக்கா.

அப்போது எங்கள் வீடு குரும்பலூரில் இருந்தது. அப்பா பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். எங்கள் குடும்பத்தில் அடுத்தவர் வயலில் இறங்காமல் சம்பாதித்த முதல் ஆள் அவர்தான். அவர் சட்டையில் டீசலும் வியர்வையும் டிக்கெட் காகிதமும் கலந்த ஒரு வாசனை இருக்கும். ஒரு ட்ரிப்புக்கும் அடுத்த ட்ரிப்புக்கும் நடுவே பஸ் ஷெட்டில் டிரைவர்களோடு சதுரங்கம் ஆடுவார். அது நாட்டு ஆட்டம். உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அதில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரே கட்டம்தான் போகும். ராஜா ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாண்டலாம். போட்டிகளில் ஆடும் விதிகளை அப்பா பிறகுதான் கற்றுக்கொண்டார். யாரோ ஒரு பயணி பஸ்ஸில் விட்டுப்போன ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்து, படங்களைப் பார்த்துக் கற்றார்.

எங்கள் காய்கள் மரத்தில் கடைந்தவை. வெள்ளை யானை ஒன்று எப்போதோ தொலைந்துவிட்டது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் தோண்டிய குழிகளில் கல்லாகிப்போன சிப்பிகள் கிடக்குமே, அதில் ஒன்றை அப்பா கொண்டுவந்து, வெள்ளைக்கு வலது மூலையில் யானையாக வைத்தார். கட்டைவிரல் பருமன், மேலே வரிவரியாக இருக்கும். யோசிக்கும்போது அக்கா அதை விரலால் தடவிக்கொண்டே இருப்பாள்.

அப்பா முதலில் சொல்லிக் கொடுத்தது எனக்குத்தான். என்னைவிட ஆறு வயது மூத்தவளான அக்கா, அடுப்படி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டு பார்த்திருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு டிரைவர் ஒருவர் சாப்பிட வந்திருந்தார். நான் பெருமையாகப் பலகையை விரித்தேன். அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "நான் ஆடுறேம்ப்பா" என்று எதிரில் உட்கார்ந்தாள். சோறு வேகுமுன் என் ராணி போயிற்று.

டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏண்டா தொரை, யானையக் குடுத்த, ராணியக் குடுத்த. கட்டியிருக்கிற டவுசரையும் அவுத்துக் குடுத்துடு, ஆட்டம் சுத்தமா முடிஞ்சிரும்."

அப்பாவும் சிரித்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. சிரித்து முடித்ததும் அவர் அக்காவைப் பார்த்தாரே, அந்தப் பார்வைதான் வலித்தது. ஷெட்டிலிருந்து வந்ததும் என்னைத் தேடும் பார்வை அது. அன்றோடு அது இடம் மாறிவிட்டது. மறுநாளிலிருந்து அப்பா வந்ததும், "ஆயி, பலகைய எடு" என்பார். நான் எழுந்து தெருவுக்குப் போவேன்.

அந்த வருடம் அக்கா பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். கீழப்பழுவூரில் இருந்த அத்தை, தன் மகனுக்கு அவளைக் கேட்டு இரண்டு முறை வந்துவிட்டுப் போயிருந்தார். அத்தை மகனுக்கு அங்கே கொஞ்சம் குத்தகை நிலம் இருந்தது. கெட்ட ஆள் இல்லை. அக்காவுக்குப் படிக்க ஆசை. பள்ளிகளுக்கிடையே நடந்த ஆட்டத்தில் அவளைப் பார்த்த ஒரு கல்லூரி அம்மா, அரியலூரில் நடக்கப்போகும் பெண்கள் போட்டியில் முதலாவதாக வந்தால் திருச்சியில் தங்கள் கல்லூரியில் சீட்டும் ஹாஸ்டலும் தருவதாகச் சொல்லியிருந்தார். அப்பா அத்தையிடம், "போட்டி முடியட்டும் தங்கச்சி. ஜெயிச்சா படிக்கட்டும். தோத்தா அடுத்த முகூர்த்தத்துல ஓம் மவனுக்குக் கட்டி வைக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தார். அக்காவின் எதிரிலேயே சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

ஆக அந்தப் போட்டியில் அவளுக்கு இருந்தது கோப்பை அல்ல.

இரண்டு மாதம் அப்பாவும் அக்காவும் ஒரே ஒரு தொடக்கத்தைத் தயார் செய்தார்கள். அந்தப் புத்தகத்தில் இருந்தது அது. ராஜா பக்கத்துச் சிப்பாய் ஒன்றை இரண்டாவது நகர்த்தலிலேயே இனாமாக நீட்டுவது. எதிராளி அதை வெட்டினால் நடுப்பலகை நம் கைக்கு வரும், பத்துப் பதினைந்து நகர்த்தலில் ராஜாவை மூச்சுமுட்ட வைக்கலாம். மற்றச் சுற்றுகளில் சாதாரணமாக ஆடிவிட்டு, கடைசிச் சுற்றுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்வது என்று முடிவு. பழைய ட்ரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் அக்கா எல்லாப் பதில்களையும் குண்டு குண்டான எழுத்தில் எழுதி ஊசி நூலால் தைத்து வைத்திருந்தாள்.

கருப்புக்கு ஆடியது அப்பா. ஒரு நாள் கதவோரம் நின்று பார்த்தபோது எனக்கு ஒன்று தெரிந்தது. அப்பாவின் கை பழைய கை. வெள்ளைக்கு இரண்டு கட்டம் போகலாம் என்பது அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. தடுத்து ஆடும் பக்கத்திற்கு வந்தால், ராஜா முன் சிப்பாயைத் தவிர மற்றதை அவர் கை ஒரு கட்டத்தோடு நிறுத்திவிடும். முப்பது வருடம் நாட்டு ஆட்டம் ஆடிய கை. ராணி முன் சிப்பாய் நேராக இரண்டு கட்டம் வந்தால் என்ன ஆகும் என்று இருவருமே பார்த்திருக்கவில்லை. அக்கா இந்தத் தொடக்கத்தை ஆடியதெல்லாம் அப்பாவோடு மட்டும்தான்.

அவர்கள் இல்லாதபோது பலகையை எடுத்துவைத்து நான் தனியாக ஆடிப் பார்த்தேன். அப்படி வந்தால் வெள்ளைக்கு இரண்டு சிப்பாய்கள் வெட்டக் கிடைக்கும். புதிதாக வந்த ராணி முன் சிப்பாயை வெட்டினால் ஆட்டம் ஆட்டமாக இருக்கும். ராஜா முன் சிப்பாயை வெட்டினால் கருப்பு ராணி பலகையின் ஓரத்துக்குப் பாய்ந்து செக் வைக்கும். தடுத்தால், நடுச் சிப்பாயை வெட்டிக்கொண்டு மறுபடி செக். அதோடு மூலை யானையும் போகும். சிப்பிக் கல் நின்ற அதே மூலை. நான்கு முறை ஆடிப் பார்த்தேன். நான்கு முறையும் போயிற்று. என் காது சூடானது இன்னும் நினைவிருக்கிறது.

சாயங்காலம் இருவரும் உட்கார்ந்ததும் போனேன்.

"அப்பா, அதுல ஒரு ஓட்டை இருக்கு. நான் காட்டறேன்."

"செத்த சும்மா இருடா."

"இல்லப்பா, ராணிக்கு முன்னாடி..."

அக்கா நிமிராமலே, "தொரை ராணியப் பத்திப் பேசுறாரு. மொதல்ல ஒன் ராணியப் பத்தரமா வச்சுக்கடா" என்றாள்.

அப்பா பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ ஆடுன ஆட்டந்தான் பாத்தமே. போயி ஆத்தாளுக்குத் தண்ணி எடுத்துக் குடு."

அவள் கேலியாகத்தான் சொன்னாள். கோபம் இல்லை. இப்போது எனக்கு அது தெரிகிறது. அன்று நான் குடத்தை எடுத்துக்கொண்டு போகும்போது, அவர்கள் இருவரும் தோற்க வேண்டும் என்று நினைத்தேன். நான் தவறுதலாகவோ விளையாட்டாகவோ செய்ததாக இதுவரை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். தெரிந்துதான் விரும்பினேன்.

போட்டி இரண்டு நாள், அரியலூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில். சனிக்கிழமை காலை அம்மா அக்காவின் நெற்றியில் மாரியம்மன் திருநீறு பூசி, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டி அனுப்பினாள். அப்பாவின் பஸ்ஸிலேயே போனோம். நான் காய்ப் பெட்டியும் சோற்றுத் தூக்கும் சுமக்கப் போனேன். பன்னிரண்டு பெண்கள் ஆடினார்கள் என்று நினைவு. எல்லோரும் தாவணி. அக்காவின் தாவணி மட்டும் வெளுத்துப்போன பச்சை. சனிக்கிழமை மூன்று ஆட்டமும் ஜெயித்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குக் கடைசிச் சுற்று மட்டும்தான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்கா என்னை ஒரு வேப்பமரத்துப் பின்னால் கூட்டிப்போனாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, ஒங்கிட்ட ஒன்னு சொல்றேன். யாருகிட்டயும் சொல்லக் கூடாது. நான் வூட்டுக்குத் தூரம்."

எனக்கு அந்த அளவு தெரியும். அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் பெண்கள் கொல்லைச் சார்ப்பில் தனித்தட்டில் சாப்பிட்டுத் தனியாகப் படுப்பார்கள்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா போவ வுடாது. கையில வேற மாரியம்மா கயிறு. கழட்டுனா கேப்பாங்க." கயிற்றைத் தாவணிக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள். "தப்புதான். அவளுக்குப் பொங்க வச்சிடறேன்னு வேண்டிக்கிட்டேன். நீ சொல்லிடாதடா."

சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை. ஒரே நாளில் அவளுடைய இரண்டு ரகசியம் என்னிடம் இருந்தது. அவள் என்னிடம் தந்ததைக் காப்பாற்றினேன். நானாகத் திருடி வைத்திருந்ததை விற்றேன்.

மதியம் கடைசிச் சுற்றுக்கான தாளை ஒட்டினார்கள். அக்காவும் ஓர் அதிகாரியின் மகளும் ஒரே புள்ளியில் நின்றார்கள். அவர்களுக்குள் ஆட்டம். வெள்ளை அக்காவுக்கு. அப்பா என் தோளைத் தட்டி, "வெள்ளடா" என்றார். பல நாட்களுக்குப் பிறகு என்னைத் தொட்டுப் பேசினார். அதுகூட என்னை நிறுத்தவில்லை.

அந்தப் பெண் ஜீப்பில் வந்தவள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ஹாலுக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் ஒரு சின்னத் தகரப் பலகை, காந்தக் காய்கள் ஒட்டியது. அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "வா தம்பி, தொட்டுப் பாரு" என்றாள்.

காயை எடுத்து வைத்தால் டக்கென்று ஒட்டியது.

"நீயும் ஆடுவியா?"

"ஆடுவேன்."

"உங்க அக்காவ விட நல்லாவா?"

அவள் சும்மாதான் கேட்டாள். பேச்சுக்குக் கேட்டது. நான், "அவ வைக்கிறதுல ஒரு ஓட்டை இருக்கு. அது எனக்குத்தான் தெரியும்" என்றேன்.

ஆரஞ்சு உரிப்பது நின்றது. "அப்படியா? காட்டு பாக்கலாம்."

காட்டினேன். என் விரலால்தான் வைத்தேன். ராஜா முன் சிப்பாய். பதிலுக்கு இங்கே. இனாம் சிப்பாய். இப்போது ராணி முன் சிப்பாய், இரண்டு கட்டம். அக்கா எதை வெட்டினால் என்ன ஆகும் என்பது வரை காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தாள்.

"இத நீயாவா கண்டுபிடிச்ச?"

"ஆமா."

"பெரிய மூளடா ஒனக்கு" என்றாள். பாதிப் பழத்தை என் கையில் வைத்தாள்.

அந்த வார்த்தைக்குத்தான் விற்றேன். வேறு எதற்கும் இல்லை. அப்பா சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை என்று இத்தனை வருடம் அவர் மேல் பழியைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அவர் கேட்காதது அவர் தவறு. நான் இன்னொருத்தியிடம் போய்ச் சொன்னது என் தவறு. ஒன்று மற்றதைக் கழிக்காது.

இரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பார்க்கிறவர்கள் சுவரோரம் நிற்கலாம். அப்பா ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளே வந்தால் அவளுக்குப் படபடப்பாகும் என்று. அக்கா ராஜா முன் சிப்பாயை வைத்தாள். பதில் வந்தது. அக்கா ஜன்னல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, இனாம் சிப்பாயை நீட்டினாள். அவள் காயிலிருந்து கையை எடுத்துக் கடிகாரத்தைத் தட்டியதும், அந்தப் பெண் ராணி முன் சிப்பாயை இரண்டு கட்டம் வைத்துவிட்டாள். யோசிக்கவே இல்லை.

அக்கா பலகையையே பார்த்தாள். இருபது நிமிடம் இருக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்திருந்தாள். வலது கை மூலை யானையின் பக்கம் போய், அங்கே தந்த காய்களில் சிப்பிக் கல் இல்லாததால் திரும்பி வந்தது. நான் அவளுக்கு ஆறு தப்படி தூரத்தில் நின்றேன். ராணி முன் சிப்பாயை வெட்டு, அதை வெட்டு என்று அப்போதுதான் மனதுக்குள் சொல்ல ஆரம்பித்தேன். அவள் வெட்டக்கூடாததை வெட்டினாள். கருப்பு ராணி ஓரத்துக்கு வந்தது.

யானை போன பிறகும் அவள் விடவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆடினாள். கடைசியில் ராஜாவைப் படுக்க வைத்துவிட்டு, எழுந்து அந்தப் பெண்ணுக்குக் கை கொடுத்தாள். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலில் அப்பா இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வீடு வந்ததும் அக்கா நேராகக் கொல்லைக்குப் போனாள். துணியைப் பார்த்து அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"என்னிலேருந்துடி?"

அக்கா குடத்துத் தண்ணீரைத் துணியில் ஊற்றினாள்.

"காலையிலேருந்தா? கயித்தக் கட்டிக்கிட்டா? திருநூறு பூசிக்கிட்டா போயி உக்காந்த?" அம்மா தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். "அவ சும்மா வுடுவாளா? ஒன் கண்ணக் கட்டிட்டாடி. இல்லன்னா மூணு ஆட்டம் ஜெயிச்சவ நாலாவது ஆட்டத்துல யானையக் குடுப்பாளா?"

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "அப்படித்தான் இருக்கும்" என்றார். "நாம பாக்காதது அதுல ஒன்னுமில்ல. எல்லாத்தையும் பாத்தமே."

நான் அங்கேதான் இருந்தேன். சோற்றுத் தூக்கு இன்னும் என் கையில் இருந்தது. வாயைத் திறந்தால் அப்பா பெல்ட்டை எடுப்பார் என்று பயந்தேன். அதைவிட, ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அந்தக் கை என்னை இனிமேல் தொடாது என்று பயந்தேன். மறுநாள் அம்மா காய்களையும் தைத்த தாள்களையும் வெந்நீர் அடுப்பில் போட்டாள். சிப்பிக் கல் மட்டும் எரியாமல் சாம்பலில் கிடந்தது. எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு வேலைக்காக ஊர் ஊராக மாறியதில் அது எங்கேயோ போய்விட்டது.

அடுத்த முகூர்த்தத்துக்கு நாள் குறித்தார்கள். கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் முன்னால், மழையில் பஸ்ஸின் மேலே மூட்டை கட்ட ஏறிய அப்பா வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு போயிற்று. அதற்குப் பிறகு அவர் பஸ் ஏறவில்லை. நான்கு வருடம் கட்டிலில் கிடந்து இறந்தார். "அன்னைக்கே அவ கணக்கு வச்சுட்டா" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். மாரியம்மனைச் சொன்னாள். கேட்டவர்கள் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா அதை நம்பினாள். அப்பாவை விழவைத்தது தான்தான் என்று நம்பிக்கொண்டுதான் தாலி கட்டிக்கொண்டாள்.

இதுவரைக்கும் சொன்னது ஒரு பையன் செய்தது. பதினொரு வயது என்று நீங்கள் மன்னிக்கக் கூடும். இனிச் சொல்வதற்கு அந்த வசதி இல்லை.

கீழப்பழுவூரில் அக்கா அந்த மூன்று நாள் தீட்டைக் கடைப்பிடித்ததுபோல் யாரும் கடைப்பிடித்திருக்க மாட்டார்கள். வருடாவருடம் அம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுத்தாள். அவளுக்கு ஒரே மகள், நெடுநாள் கழித்துப் பிறந்தவள். கெட்டிக்காரி. நான் அப்போது பக்கத்து ஊரில் கணக்கு ஆசிரியர். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் காலை அந்தப் பெண் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி அனுப்பி என்னை வரவழைத்தாள். கொல்லைச் சார்ப்பில் பாயில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கெமிஸ்ட்ரி புத்தகம்.

"மாமா, நாளைக்குப் பரீட்ச. அம்மா போவ வுடாதாம். நீங்க சொன்னா கேக்கும் மாமா."

அக்காவிடம் போனேன். பரீட்சை மூன்று மணி நேரம்தான், காலம் மாறிவிட்டது, அறிவியல் என்ன சொல்கிறது என்றெல்லாம் ஆசிரியனாகப் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குத் தெரியாதா தம்பி? எங்கதை ஒனக்குத் தெரியாதா? நான் மறைச்சுட்டுப் போயி உக்காந்தேன். சீட்டு போச்சு. அப்பாரு போனாரு. இவளுக்கும் ஒன்னு ஆவணுமா? எங்க வூட்டு ஆளு நெல்லுக்கு மருந்தடிக்கப் போயிருக்காரு. அவருக்கு ஒன்னு ஆனா?"

ஒரே ஒரு வாக்கியம் அப்போது தேவைப்பட்டது. அது என்னிடம்தான் இருந்தது. உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை. நான் பி.எட். படித்தவன், மாலை மரியாதை வாங்குகிறவன், தம்பி தம்பி என்று அவள் ஊரெல்லாம் பெருமை பேசுகிறவன். "சரி, ஒன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். சார்ப்பு வழியாகத்தான் வர வேண்டும். அந்தப் பெண் எழுந்து நின்றாள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அவள் அந்தப் பரீட்சை எழுதவில்லை. அதற்குப் பிறகு எழுதவும் போகவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக அரியலூரில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றுகொண்டு சேலை எடுத்துப் போடுகிறாள். கட்டிக்கொண்டவன் குடித்தே போய்விட்டான். அம்மாவோடுதான் இருக்கிறாள்.

மண்டபத்திலிருந்து அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் பிடித்து அரியலூர் போய், அங்கிருந்து கீழப்பழுவூர் போனேன். அக்கா நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எழுபத்திரண்டு வயது. கண்ணில் ஒன்று சரியாகத் தெரியாது.

"வா தம்பி. என்ன இந்த வெயில்ல? போர்வையெல்லாம் போட்டுக்கிட்டு மாப்ள மாதிரி வந்திருக்க."

பொன்னாடை தோளிலேயே இருந்தது. எடுத்து மடித்து வைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"அக்கா, அரியலூர்ல நீ தோத்தியே, அது தூரத்தால இல்ல. அந்தப் பொண்ணுகிட்ட நான்தான் சொன்னேன்."

"எத?"

"ராணி முன்னாடி சிப்பாய். ரெண்டு கட்டம்."

கடலை உரிக்கும் கை நிற்கவில்லை. இரண்டு மூன்று கடலை ஆயிற்று. பிறகு நின்றது. அவள் எதிரே இருந்த வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை விரல் மடியில் எதையோ தடவியது. பலகையைப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"மத்தத வெட்டியிருந்தா?" என்றாள்.

"ஆட்டம் இருந்துச்சு."

"அது ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கும் பஸ்ல வரும்போது தெரிஞ்சுது. இத எப்படிப் பாக்காம வுட்டோம்னு நெனச்சேன். அம்மா சொன்னதும், அதான் கண்ணக் கட்டிட்டான்னு..." நிறுத்தினாள். ஒரு கடலையை எடுத்து முறத்தில் திரும்பப் போட்டுவிட்டு, "அப்ப அவ இல்லியா?" என்றாள்.

மாரியம்மனைக் கேட்கிறாள்.

"இல்லக்கா. நான்தான்."

"அப்பாரு வுழுந்தது?"

"மழ பேஞ்சுது. வழுக்குச்சு. அவ்வளவுதான்."

அவள் என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் முறத்தை நகர்த்தி வைத்தாள். "அப்ப அவள ஏண்டா உக்கார வச்சேன் நானு?" என்றாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

நான் எழுந்தேன். மூன்றரைக்கு ஒரு பஸ் இருந்தது.

"எங்க போற? உக்காரு. அவ நாலே முக்கால் பஸ்ஸுல வருவா. இன்னிக்குக் கடையில பாதி நாளுதான். எங்கிட்ட சொன்னதெல்லாம் அவகிட்டச் சொல்லிட்டுப் போ."

உட்கார்ந்தேன். அந்த ஒன்றே கால் மணி நேரத்தில் அக்கா ஒரு முறைதான் எழுந்தாள். தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்தாள். நான் கடலை உரித்தேன்.

பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. அவள் சோற்றுப் பையோடு தெருவில் வந்தாள். நின்று நின்று கால் வீங்கியிருந்தது. "மாமா, எப்ப வந்தீங்க? சாப்டீங்களா?" என்றாள். முகம் கழுவிக்கொண்டு வரச் சொல்லி அக்கா அனுப்பினாள். வந்து எதிரில் உட்கார்ந்ததும் சொல்லத் தொடங்கினேன். ஆரஞ்சுப் பழத்திலிருந்து சொன்னேன். சைக்கிளை எடுத்தது வரை சொன்னேன்.

அவள் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்து கேட்டாள். கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சோற்றுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கெமிஸ்ட்ரிதான் மாமா எனக்கு நல்லா வரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.